வில்சனின் இனிஷியல்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். ஒரு பெரியவரின் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி மேல் குப்புற வைத்து மூடியை இறக்கும்போது போன் அடித்தது. அமுதா, வில்சனின் மனைவி. அவர் வரத் தாமதமாகும் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "இன்னிக்கு எத்தனை மணிக்குத்தான் வருவாராம் துரை? இங்க ஆறு பேரு உக்காந்துகினு இருக்காங்க" என்று எடுத்த எடுப்பில் கத்தினேன். அமுதா சொன்னாள். "அக்கா, அவரு எழுந்துக்கலக்கா. தட்டித் தட்டிப் பாக்கறேன், எழுந்துக்கவே இல்ல."

அந்தக் கத்தல் அவர் காதில் விழவில்லை என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல். இருபத்தோரு வருடம் அவர் காதில் விழும்படியே கத்தியவள் நான். கடைக்கு வந்து போன உங்கள் எல்லாருக்கும் அது தெரியும். "அந்த ஜெராக்ஸ் அக்காவுக்கு வாய் ரொம்ப" என்று நீங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டது எனக்கும் தெரியும். அவர் மட்டும் ஒரு நாளும் பதிலுக்குக் குரலை உயர்த்தியதில்லை. கத்தி முடிக்கும் வரை பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிறகு, "சரிங்கக்கா, இப்போ அந்த ஆதார ரெண்டு காப்பி எடுங்க" என்பார்.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். ஆரணியில் தாலுகா ஆபீஸ் போகிற தெருவில், மாவு மில்லுக்கும் டீக்கடைக்கும் நடுவில் எங்கள் கடை. வாசல் பக்கம் என் மெஷின், உள்பக்கம் அவர் மேசை. சாதிச் சான்றிதழ், முதியோர் உதவி, நெசவாளர் சங்க உறுப்பினர் அட்டை, பாஸ்போர்ட் என்று எந்த விண்ணப்பமானாலும் எழுதித் தருவார். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் முதலில் காகிதத்தில்தான் எழுதுவார். "மொதல்ல காயிதத்துல சரியா வரட்டும், அப்புறம் மெஷினுக்குச் சொல்லலாம்" என்பது அவர் பேச்சு. பக்கத்துத் தெருவில் இதே வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துத் தரும் கடைகள் உண்டு. ஆனாலும் தேவிகாபுரம் பஸ்ஸில் வந்து இறங்கி, வில்சன் சார் கடை எது என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் கடைசி வரை வந்தார்கள்.

அதற்குக் காரணம் அவர் கேட்ட ஒரு கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தது வாடிக்கையாளராகத்தான். என் வீட்டுக்காரர் என்னையும் நான்கு வயதுப் பையனையும் விட்டுவிட்டு வேறொருத்தியோடு போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். வில்சனிடம் வருவதற்கு முன் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வியே, "அப்பா பேரு இன்னா? அவரு ஏன் வரல?" என்பதுதான். ஓர் இடத்தில் வரிசையில் நின்ற பதினைந்து பேரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்கள். அந்தச் சூட்டோடு வில்சன் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். இந்த ஆளும் கேட்கட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று இருந்தேன். அவர் பையனின் பெயரைக் கேட்டு எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தாமல், "பேருக்கு முன்னாடி எந்த எழுத்து போடணும்னு நினைக்கிறீங்க?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. எந்த எழுத்து போடலாம் என்று என்னை யாரும் கேட்டதில்லை. "எந்த எழுத்துன்னா?" என்றேன். "அது உங்க இஷ்டங்க. யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமே இல்ல. பக்கத்துல டீ நல்லா இருக்கும், குடிச்சிட்டு வந்துகூடச் சொல்லலாம்" என்றார். அப்போதும் தலையை நிமிர்த்தவில்லை. நான் டீ குடிக்கப் போகவில்லை. என் பெயர் தேவகி. "தே போடுங்க" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அவர் 'தே. கார்த்திக்' என்று எழுதி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் நான் கண்ணைத் துடைத்திருந்தேன். அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் அவர் தலையை நிமிர்த்தாமல் இருந்தார் என்பது, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில் வாசல் பக்கத்து இடத்தை எனக்குக் கொடுத்தார். ஆயிரம் பேரிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சட்டென்று அப்பா பெயரைச் சொல்லிவிடுவார்கள். சிலர் மட்டும் என்னைப் போலத் திகைப்பார்கள். அவர்களுக்கு எல்லாம் அதே பதில்தான். அவசரமே இல்ல, டீ நல்லா இருக்கும்.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவர் அம்மாவே எனக்குச் சொன்னார்.

பச்சையம்மா அரிசி மில் களத்தில் வேலை செய்தவர். அவித்த நெல்லை வெயிலில் பரப்பி, காலால் தள்ளித் தள்ளிக் காயவைக்கிற வேலை. உள்ளங்கால் தோல் செருப்புப் போலத் தடித்திருக்கும். வயதான காலத்தில் மகனுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். ஒரு நாள் நானே கேட்டேன். "ஏம்மா, கோயில் திருவிழான்னா மொத ஆளா நிக்கறீங்க. புள்ளைக்கு மட்டும் ஏன் வெள்ளைக்காரன் பேரு வச்சீங்க?"

பிரசவம் சிக்கலாகி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கூட யாரும் இல்லை. வயிற்றில் பிள்ளையைக் கொடுத்தவன் அறுவடைக்கு வெம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்து, அறுவடை முடிந்ததும் போய்விட்டவன். அதற்கு மேல் அவனைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அங்க ஒரு பெரிய டாக்டருமா. கெழவரு. என்னப் பாத்து 'வாங்கம்மா, உக்காருங்கம்மா'ன்னாரு. களத்து மேஸ்திரி என்ன 'ஏய்'னுதான் கூப்டுவான். எங்கப்பனே என்ன 'ங்க' போட்டுக் கூப்ட்டதில்ல. கதவுல ஒரு பலகை இருந்துது. அதுல இன்னா எழுதிருக்குதுன்னு ஆயம்மாவக் கேட்டேன். வில்சன்னாங்க. அதையே வச்சிட்டேன்."

வில்சனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் தகராறு. தகப்பன் பெயர் என்ன என்று தலைமை ஆசிரியர் கேட்டிருக்கிறார். "அப்பன் இல்லீங்க, நான்தான்" என்றிருக்கிறார் பச்சையம்மா. அந்தக் காலத்தில் பதிவேட்டில் அந்த இடத்தை யாரும் காலியாக விடுவதில்லை, பெண் பெயரையும் எழுதுவதில்லை. தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்திருக்கிறார். உன் பெயர் என்னம்மா என்று கேட்டிருக்கிறார். பிறகு தந்தை என்ற இடத்தில் 'பச்சையப்பன்' என்று எழுதிவிட்டார். நாளைக்குப் பையனை யாரும் ஒன்றும் கேட்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பிறக்கவே பிறக்காத ஓர் ஆள் அன்று முதல் வில்சனுக்கு அப்பா ஆகிவிட்டார். பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் ப. வில்சன், தந்தை பெயர் பச்சையப்பன்.

வளர்ந்த பிறகு வில்சன் அதைத் திருத்தலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். "போவட்டும் வுடுடா. ஹெட்மாஸ்டர் என்ன ஆம்பளையாக்கிட்டாரு. அதுவும் நான்தானே" என்று சொல்லிவிட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது பச்சையம்மா விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே மேசையில் வில்சன் யாருடைய விண்ணப்பத்தையோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

எட்டு வருடம் முன்பு பச்சையம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு மூன்று மாதம் வரை வில்சன் மதியச் சாப்பாட்டைக் கடையில் சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

பாஸ்போர்ட் எழுத வருகிறவர்களிடம் அவர் பட்ட பாடு தனிக்கதை. குடும்பப் பெயர் என்ன என்று அந்த விண்ணப்பம் கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நமக்கு இருப்பது ஓர் எழுத்து. அதுவும் அப்பாவோடு சேர்ந்தது, அடுத்த தலைமுறையில் மாறிவிடும். அதனால் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதுவார்கள். ஒரு நெசவாளரின் மகன் அப்படித்தான் துபாய்க்குப் போனான். அங்கே எல்லாரும் அந்தக் கட்டத்தில் இருக்கிற பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து போன் போட்டு, "சார், இன்னா சார் இப்டி எழுதிட்டீங்க. மேனேஜர் என்னத் திட்டறப்பல்லாம் எங்கப்பா பேரச் சொல்லித் திட்டறான்" என்றான். அன்று அவன் அப்பா மாணிக்கம் புடவைக் கட்டோடு கடையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரே சந்தோஷம். "என் பேரு அங்க வரைக்கும் போயிருச்சா? திட்டட்டும் சார், திட்டட்டும்" என்றார். வில்சன் இதைச் சொல்லிச் சொல்லிப் பல நாள் சிரித்தார்.

அதே வழியில்தான் அவர் மகள் கயல்விழியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் வில்சன் என்று ஆயிற்று. கயல் நர்சிங் படித்து இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனாள். போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், கடையில் யாரும் இல்லாத நேரம், அவளிடமிருந்து போன் வந்தது. நானும் கேட்கட்டும் என்று வில்சன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, என் வார்டுல ஒரு தாத்தா. அவரு பேரும் வில்சன்தான். என் சட்டையில குத்திருக்கிற பேரப் பாத்துட்டு, 'நீ நம்ம குடும்பமா'ன்னு கேட்டாரு. எங்கப்பா பேரு, ஆனா நாங்க ஆரணின்னேன். ஒரே சிரிப்பு அவருக்கு" என்றாள் கயல். அந்தத் தாத்தா அவளுக்கு அந்தப் பெயரின் கதையைச் சொல்லியிருக்கிறார்.

அந்த நாட்டிலும் ஒரு காலத்தில் ஆளுக்கு ஒரே பெயர்தானாம். ஓர் ஊரில் நான்கு ஜான் இருந்தால் எந்த ஜான் என்று தெரிய வேண்டுமே. ஒருவனை அவன் செய்யும் தொழிலை வைத்துச் சொல்வார்கள், ஒருவனை அவன் வீடு இருக்கும் இடத்தை வைத்து, ஒருவனை அவன் அப்பாவை வைத்து. வில்லியம் என்ற பெயரைச் சுருக்கி வில் என்று கூப்பிடுவார்கள். வில்லுடைய மகன் என்பதுதான் வில்சன். சன் என்றால் மகன். வில்லியம் என்பதற்கே ஓர் அர்த்தம் இருக்கிறதாம், மன உறுதி என்று ஒரு பாதி, தலையைக் காக்கும் இரும்புத் தொப்பி என்று ஒரு பாதி. ஜானுடைய மகன் ஜான்சன், ஜாக்குடைய மகன் ஜாக்சன். ஆரம்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டுதான் இருந்ததாம்.

"நம்ம இனிஷியல் மாதிரியே இருக்குதே" என்றார் வில்சன்.

"ஆமாப்பா. ஆனா அவங்களுக்கு ஒரு எடத்துல நின்னுபோச்சு. வரிக்கணக்கு, நெலக்கணக்கு, கோயில் கணக்குன்னு எழுத ஆரம்பிச்சதும், எழுதினத மாத்தாம அப்படியே வச்சிக்கினாங்களாம். அதுக்கப்புறம் பொறந்தவங்க எல்லாருமே வில்சன்தான். 'எங்க வில் யாருன்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாதும்மா'ன்னாரு அந்தத் தாத்தா."

போனை வைத்த பிறகு வில்சன் ஒரு காகிதத்தில் தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான், "இன்னா வில்சன், பேருக்கு அர்த்தம் தெரிஞ்சதும் பேச்சே காணோம்?" என்று சீண்டினேன்.

"இத்தினி வருஷமா ரெண்டு அப்பன் பேரப் போட்டுக் கையெழுத்து போட்டுகினு இருக்கேங்கக்கா" என்றார். "முன்னாடி பச்சையப்பன். அவரு பொறக்கவே இல்ல. பின்னாடி வில். அவரு எந்த தேசமோ, எந்தக் காலமோ. என்னத் தூக்கி வளத்தவ ஒருத்திதான். அவ பேர எங்க தேடறது?"

"இப்பத்தான் எல்லாத்துலயும் தாய் பெயர்னு ஒரு கட்டம் இருக்குதே" என்றேன்.

"இருக்குதுக்கா. ஆனா நீ யாரு புள்ளைன்னு கேட்டா அந்தக் கட்டத்தையா காட்டறோம்?"

பதில் தெரியாதபோது நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். "பேஜார் பண்ணாம வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் ஒரு விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று எட்டிப் பார்த்தேன். அரசிதழில் பெயர் மாற்றுவதற்கான விண்ணப்பம், அவருக்கே. எனக்கு வந்ததே கோபம். கயல் அங்கேயே நிரந்தரமாக இருப்பதற்கான பேப்பர்களை அப்போதுதான் கொடுத்திருந்தாள். எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் அலைய விட்டுவிடுவார்கள் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவர் இவர். "ஊருக்குச் சொல்ற புத்தி உங்களுக்கு இல்லியா? பொண்ணு பேப்பர் மாட்டிகினா இன்னா பண்ணுவீங்க? உங்கம்மாவே போவட்டும் வுடுன்னுட்டாங்க. உங்களுக்கு இன்னா இப்ப வந்துது?" என்று கத்தினேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவர் வழக்கம் போலப் பேனாவை மூடி வைத்துக்கொண்டு நான் முடிக்கும் வரை காத்திருந்தார். "அவங்க விட்டாங்கக்கா. நான் விடலியே" என்றார். பிறகு அந்தக் காகிதத்தை மடிக்காமல் அப்படியே மேசை இழுப்பறையில் வைத்தார். "சரி, கயலு பேப்பரு முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்." அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. என் பேச்சு எடுபட்டது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. அன்று அவர் அதை அனுப்பியிருந்தால் கயலுக்கு உண்மையிலேயே சிக்கல் வந்திருக்குமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு கத்தவில்லை, கத்திவிட்டேன். அவ்வளவுதான்.

அவர் போன அன்று மதியம் அமுதாவின் அண்ணன் போஸ்டர் அடிக்க வேண்டும், நல்ல போட்டோ ஒன்று வேண்டும் என்றார். கடை இழுப்பறையில் இருக்கும் என்று நான் ஓடினேன். இழுப்பறையைத் திறந்தால் மேலாக இருந்தது அந்த விண்ணப்பம்தான். புதிதாக எடுத்த போட்டோவை அதில் ஒட்டியிருந்தார். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. இப்போதைய பெயர், ப. வில்சன், தந்தை பெயர் பச்சையப்பன். மாற்ற விரும்பும் பெயர், பச்சையம்மா வில்சன். காரணம் என்ற இடத்தில், 'என்னைப் பெற்று வளர்த்தவர் பெயர் இதுதான்' என்று எழுதியிருந்தார். கையெழுத்து போட்டிருந்தார். தேதி மட்டும் போடவில்லை. கயலின் பேப்பர் முடிகிற நாளுக்காக அந்த இடத்தை விட்டு வைத்திருந்தார்.

கடைக்குள் நின்று வாய்விட்டு அழுதேன். இருபத்தோரு வருடத்தில் ஒருத்தரிடமும் அவர் 'அந்த எழுத்து போடக்கூடாது' என்று சொன்னதில்லை. என் பிள்ளைக்கு என் எழுத்தைப் போட்டுக் கொடுத்தவர். அவர் அம்மாவின் எழுத்தைப் போட வந்தபோது நான் போட விடவில்லை.

அவர் ஒட்டியிருந்த போட்டோவைப் பிய்த்தெடுக்க மனம் வரவில்லை. காகிதத்தோடு அப்படியே மெஷினில் வைத்துப் போட்டோவை மட்டும் பெரிதாகக் காப்பி எடுத்து, விண்ணப்பத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். போஸ்டர் அடிப்பவர் போனில் விவரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "இனிஷியல் இன்னாங்க போடணும்?"

அமுதாவின் அண்ணன், "ப" என்றார். நான், "ப வேணாங்க. பச்சையம்மா மகன் வில்சன்னு போடுங்க" என்றேன்.

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாம்மா நீ" என்றார் அண்ணன். "போஸ்டர்ல போய்ப் பொம்பள பேர முன்னாடி போடுவாங்களா? ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. ஒரு எழுத்துதானே, பேசாம ப போட்டுட்டுப் போலாம்."

எனக்கு வாயில் வந்ததெல்லாம் சொல்லியிருப்பேன். ஆனால் அது சாவு வீடு. கையில் இருந்த விண்ணப்பத்தை அமுதாவிடம் கொடுத்தேன். அவள் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. கூடத்தில் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே படித்தாள். காரணம் என்று எழுதியிருந்த இடத்தை இரண்டு முறை படித்திருப்பாள் என்று நினைக்கிறேன். பிறகு அண்ணனைப் பார்க்காமல் சொன்னாள். "அக்கா சொல்றதையே போடச் சொல்லுண்ணா. பெருசா போடச் சொல்லு."

கயல் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அவள் வந்த பிறகுதான் கமண்டல நாக நதிக்கரைக்கு எடுத்துப் போனார்கள். போகிற வழியெல்லாம் சுவரில் அந்தப் போஸ்டர் இருந்தது என்று கார்த்திக் வந்து சொன்னான். தே. கார்த்திக். அவனும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.

பத்து நாள் கழித்து இறப்புச் சான்றிதழுக்கு எழுத வேண்டியிருந்தது. அமுதாவால் முடியாது, கயலுக்குத் தமிழ்நாட்டு விண்ணப்பமே மறந்துபோயிருந்தது. அவர் மேசையில், அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டு, அவர் பேனாவால் நான் எழுதினேன். இறந்தவர் பெயர், ப. வில்சன். தந்தை பெயர் என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. மாற்றி எழுதினால் ஆதாரோடு ஒத்துப்போகாது. சான்றிதழ் நிற்கும், அமுதா அலைவாள். இதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். பச்சையப்பன் என்று எழுதினேன். அடுத்த கட்டம் தாயார் பெயர். பச்சையம்மா என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே கஷ்டமான இரண்டு பெயர்கள் அவைதான்.

ஆபீஸில் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த இளைஞர் நல்ல பையன். சூழ்நிலைக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. "தந்தை பச்சையப்பன், தாய் பச்சையம்மா. நல்ல பேர்ப் பொருத்தங்க" என்றார். ஆமாங்க, ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் பிரியவே இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். இதை வில்சனிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்தேன். சொல்ல அவர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

கடைக்குத் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தேன். அங்கே சுவரில் அவர் போஸ்டர் பாதி உரிந்து இருந்தது. அதற்கு முன்னால் ஒரு வயதான அம்மா, தலையில் இருந்த கீரைக்கட்டை இறக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏம்மா, இந்தப் புள்ளைய எங்கியோ பாத்த மாதிரி கீது. இன்னா எழுதிருக்குது?" என்றார்.

படித்தேன். "பச்சையம்மா மகன் வில்சன்."

"எந்தப் பச்சையம்மா? களத்துல நெல்லு தள்ளுனாளே, அவளா?"

"அவங்கதாங்க."

"எங்கூடத்தாமா தள்ளுனா. இந்தப் புள்ளைய மூட்ட மேல படுக்க வச்சிட்டுத் தள்ளுவா." கட்டைக் கீழே இறக்கினார். "அவ பேரையா போட்டிருக்காங்க? எது அவ பேரு, காட்டு."

காட்டினேன். அந்த அம்மா முன்னால் வந்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின் மேல் கையை வைத்தார். மேல் ஓரத்தில் உரிந்திருந்த காகிதத்தை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சுவரோடு ஒட்டவைத்தார். "எங்க யாரு பேரும் எங்கியும் போட்டதில்லம்மா" என்றார். பஸ் வந்ததும் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். ஊரில் எல்லாருடைய பெயரையும் கேட்டு எழுதுகிற கடைக்காரி நான், அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

கயல் இங்கிலாந்துக்குத் திரும்பும்போது ஒரு போஸ்டரைச் சுருட்டி எடுத்துப் போனாள். அமுதா அவர் சட்டைகளை வைத்துக்கொண்டாள். பேனாவையும் அந்த விண்ணப்பத்தையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தேதி போடாத அந்தக் காகிதம் இப்போது என் மெஷினுக்குக் கீழே இருக்கிறது. அதற்கு நான் தேதி போடப்போவதில்லை.

கடையை மூடிவிடுவேனா என்று உங்களில் பலர் கேட்டீர்கள். மூடவில்லை. இப்போது விண்ணப்பமும் நான்தான் எழுதுகிறேன். என் கையெழுத்து அவருடையது போல அழகாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். கத்துவதையும் நிறுத்தியதாகச் சொல்ல முடியாது. ஆனால் பெயரை எழுதி முடித்ததும், முன்னால் எந்த எழுத்து போட வேண்டும் என்று மட்டும் மெதுவாகத்தான் கேட்கிறேன். கேட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் பதில் சொல்லும் வரை தலையை நிமிர்த்துவதில்லை.